குணரத்தினம் சாப்பாட்டு வண்டியைத் திருப்பிய ஆறு நாள்

சிறைக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள், காவலர்கள் அவர்களை எப்படி நடத்துகிறார்கள், பயமில்லாமல் நித்திரை வருகிறதா என்பதையெல்லாம் அறிய ஒரு பல்கலைக்கழகம் ஆசைப்பட்டது. ஆசைப்பட்டதோடு நிற்காமல் முப்பது கேள்விகளை அச்சடித்துப் பலெர்மோச் சிறையொன்றுக்கு அனுப்பியும் விட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஐந்து பெட்டிகள். முதலாவது பெட்டி என்றால் "ஒருபோதும் இல்லை." ஐந்தாவது என்றால் "எப்போதும்."

1997 செப்ரெம்பரில் இந்தத் தாளை வாங்கிய குணரத்தினம், முப்பது கேள்விக்கும் மூன்றாம் பெட்டியில் புள்ளடி போட்டு, ஏழு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தவர் எமிலியானா. கைதிகளோடு கதைத்து, அவர்களின் போக்கைப் பற்றி நீதிபதிக்கு அறிக்கை எழுதுவது அந்த அம்மாவின் உத்தியோகம்.

"எல்லாத்துக்கும் மூண்டு போட்டிருக்கிறீங்கள்."

"ஓம், சிஞ்ஞோரா."

"இருபத்திரண்டாம் கேள்வி, உங்களை ஆரும் அடிச்சுப்போடுவினமெண்டு பயமிருக்கோ எண்டு. அதுக்கும் மூண்டு."

"நடுத்தரமான பயம், சிஞ்ஞோரா."

எமிலியானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருத்தே இல்லாத ஒரு மனிதரைப் பல்கலைக்கழகம் எந்தக் கணக்கில் சேர்க்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

குணரத்தினத்தைக் குறை சொல்லவும் முடியாது. பத்து வருடமாக லிபெர்த்தாப் பகுதியில், உயர்ந்த கூரையும் கனத்த திரைச்சீலையும் உள்ள வீடுகளில் சமைத்து, உடுப்பு மினுக்கி, நாயை உலாத்திக் கொண்டுவந்து, வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் தாயாருக்கு வேளைக்கு மருந்து கொடுத்து வாழ்ந்தவர் அவர். அந்த வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கு நடுப்பெட்டிதான் பாதுகாப்பு. சூப்பில் உப்புக் கூடிவிட்டதா என்று சிஞ்ஞோரா கேட்டால், கூடிவிட்டது என்பவன் தன் சமையலைத் தானே பழித்தவன். இல்லை என்பவன் சிஞ்ஞோராவின் நாக்கைப் பழித்தவன். "அளவாயிருக்குது" என்று சொல்லத் தெரிந்தவன் பத்து வருடம் இருப்பான். குணரத்தினம் இருந்தார்.

இப்படி அளவாக வாழ்ந்த மனிதரைச் சிறைக்கு அனுப்பியது ஒரு மாதத்தின் பெயர். இத்தாலி அரசாங்கம் இடைக்கிடை மனமிரங்கி, இன்ன திகதிக்கு முன்னர் வேலையில் இருந்தவர்களுக்குப் பெர்மெஸோ, அதாவது நாட்டில் தங்குவதற்கான அனுமதி, கொடுப்பதுண்டு. மனைவியின் தம்பி தர்சனுக்காக ஒரு வேலைக் கடிதத்தில் ஓகஸ்ட்டை ஏப்ரல் ஆக்கினார் குணரத்தினம். கைவேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே கடிதத்தின் கடைசி வரியில், "இந்தக் கொடும் வெக்கையிலும் முகம் சுளிக்காமல் முதல்நாள் வேலை செய்தார்" என்று வீட்டுக்காரி பாராட்டி எழுதியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஏப்ரலில் பலெர்மோவில் அப்படி வெக்கை இல்லை என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. 1987இல் தன்னுடைய சொந்தக் கடிதத்திலும் இதே திருத்தத்தைச் செய்து, முதல்தடவை என்று மன்னிக்கப்பட்டவர் அவர். இரண்டாம் தடவைக்கு ஒரு வருடம் விழுந்தது. தர்சன் ஜேர்மனிக்குப் போய்விட்டான், வேறொரு திகதியோடு.

1997 பெப்ரவரி முதலாம் திகதி உள்ளே போனபோது வாசல் கந்தோரில் எழுத்தர் பெயர், ஊர், பிறந்த வருடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "சமயம்?" என்றார்.

"சைவம்."

எழுத்தருக்கு விளங்கவில்லை. உதவி செய்வோம் என்று குணரத்தினம் பேர்ஸைத் திறந்து சாமிப் படங்களை மேசையில் பரப்பினார். ஒன்று வேலும் மயிலுமாக முருகன். மற்றது பலெர்மோவைக் காக்கும் சான்ரா ரொசாலியா. அந்தப் புனிதவதியின் குகைக்கு மலையேறாத தமிழர் பலெர்மோவில் இல்லை. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சைவக்காரர். மலையில் குடியிருப்பதால் அவவும் முருகனுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்பது குணரத்தினத்தின் துணிபு.

எழுத்தர் இரண்டு படத்தையும் பார்த்தார். ஒன்றை அவருக்குத் தெரிந்திருந்தது. "கத்தோலிக்கர்" என்று எழுதினார். குணரத்தினமும் அளவாகத் தலையாட்டிவிட்டு, எழுதினால் எழுதட்டும், ரொசாலியா அம்மா கோவிக்கமாட்டா என்று உள்ளே நடந்தார். பிற்பாடு நடந்த இத்தனை அமளிக்கும் இந்தத் தலையாட்டல்தான் விதை.

இரண்டாம் பிரிவு, ஏழாம் அறை. கட்டில் நாலு, ஆள் மூன்று. நாலாவது கட்டிலில் பானை சட்டிகள் படுத்திருந்தன. மூத்தவர் லில்லோ. அறுபத்துமூன்று வயது, போர்கோ வெக்கியோச் சந்தையில் வரி கட்டாத சிகரெட்டை வரி கட்டியவரின் கம்பீரத்தோடு விற்றவர். எல்லாரும் "சூ லில்லோ" என்பார்கள், லில்லோ மாமா என்று அர்த்தம். மற்றவர் கேசவென், மொரிசியஸ்காரர். ஒரு நடனசாலை வாசலில் இன்னொருவனின் தாடையை இடம் மாற்றி வைத்ததற்காக வந்தவர். பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். தமிழ் தெரியாது, முருகனைத் தெரியும். ஆகவே சிறையில் இருந்த இரண்டே இரண்டு தமிழரும் ஒருவரோடு ஒருவர் இத்தாலியனில் கதைத்தார்கள், அதிலும் சிசிலிக்காரரின் ராகத்தோடு.

சிறைச் சமுதாயத்தை ஆராய முப்பது கேள்வி தேவையில்லை, கோப்பியைக் கவனித்தால் போதும். காலையில் சிறிய காஸ் அடுப்பில் கோப்பி போடுவது லில்லோ. எந்தக் கோப்பை யாருக்கு முதலில் போகிறது என்பதில் இரண்டாம் பிரிவின் அரசியலமைப்பு முழுவதும் அடங்கியிருந்தது. ஒன்பது மாதமாகக் குணரத்தினத்துக்குக் கோப்பி நாலாவதாகத்தான் வந்தது. அறையில் மூன்று பேர்தானே என்று கேட்கலாம். மூன்றாவது கோப்பை கம்பிக்கூடாகப் பக்கத்து அறைக்குப் போய், குடிக்கப்பட்டு, கழுவாமல் திரும்பி வரும். அதில்தான் அவருக்கு. பெயரும் கிடையாது, "துர்க்கோ" தான். கறுப்பாக எவன் வந்தாலும் அந்த ஊரில் அவன் துருக்கியன்.

குணரத்தினம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய பெர்மெஸோ டிசம்பர் முப்பத்தோராம் திகதியோடு காலாவதியாகிறது. அதற்கு முன் அவரே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் போய் வரிசையில் நின்று புதுப்பிக்கவேண்டும். தண்டனை முடிவதோ ஜனவரி முப்பத்தொன்றில். முடிந்த பிறகு போனால் காவல் வாகனம் நேரே விமான நிலையத்துக்குத்தான் போகும். ஆனால் ஆறு மாதம் ஒழுங்காக இருந்த கைதிக்கு நாற்பத்தைந்து நாள் கழித்துவிடும் வழக்கம் உண்டு. கழித்தால் டிசம்பர் பதினேழு. மிச்சம் பதினான்கு நாள், குவெஸ்தூரா வரிசைக்கு அது போதும். மனு நீதிபதியிடம் போயிருந்தது. ஆகவே குணரத்தினம் நாலாவது கோப்பியைக் குடித்து, துர்க்கோ என்றால் திரும்பிப் பார்த்து, மூன்றாம் பெட்டிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

ஒக்ரோபர் கடைசியில் மனைவி குகனேஸ்வரி பார்க்க வந்தபோது, நீண்ட மேசையின் மறுபக்கமிருந்து கலண்டர்த் தாள் ஒன்றைக் காட்டினார்.

"இஞ்சேருங்கோ, கந்தசட்டி முதலாம் திகதி தொடங்குது. நான் பிடிக்கிறன். நீங்கள் இந்தமுறை விடுங்கோ, முருகன் கோவிக்கமாட்டார்."

"முருகனுக்காகக் கதைக்க நீர் ஆர்?"

"இன்னும் ஏழு கிழமைதான். பேசாமல் தாறதைச் சாப்பிட்டுட்டு, பேசாமல் வெளியாலை வாங்கோ."

"லொறிக்குள்ளை ஒளிச்சு வரேக்கையும் பிடிச்சனான்."

"லொறிக்குள்ளை சாப்பாடே இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சாப்பாடு இல்லாதது வேறை, விரதம் வேறை. நான் மனசாலை பிடிச்சனான்."

குகனேஸ்வரி தாளை மடித்து அவர் பக்கம் தள்ளிவிட்டார். இந்த மனிதர் எல்லாக் கேள்விக்கும் நடுவில் நிற்பவர், முருகன் கேட்டால் மட்டும் கடைசிப் பெட்டிக்குப் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

நவம்பர் முதலாம் திகதி சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டு வண்டி வந்தது. குணரத்தினம் வேண்டாம் என்றார். மத்தியானம் வந்தது, வேண்டாம். பின்னேரம் வந்தது, வேண்டாம். பொழுதுபட்ட பிறகு தன்னுடைய பெட்டியிலிருந்த பால்மாவில் ஒரு கோப்பை கரைத்துக் குடித்தார். வண்டியை மூன்று தடவை திருப்பினால் அது உண்ணாவிரதப் போராட்டம், பதிவேட்டில் ஏறும் என்பது சிறை வழக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் காப்பாற்றிய மூன்றாம் இலக்கம் அன்றுதான் அவரைக் கைவிட்டது.

மறுநாள் பிரிகேடியர் பதிவேட்டோடு வந்தார். அரசாங்கம் அந்தப் பதவியின் பெயரை மாற்றி ஏழு வருடமாகியும் கைதிகள் அவரைப் பிரிகேடியர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதைத் தடுக்கவில்லை.

"ஏன் சாப்பிடேல்லை?"

"விரதம், பிரிகேடியர்."

"ஆருக்கு எதிராய்?"

குணரத்தினத்துக்கு அது பொய் சொல்லக்கூடாத நாள். "சூரனுக்கு எதிராய்."

"அவன் எந்தப் பிரிவு?"

கேசவென் குறுக்கே புகுந்து, அது சமய விஷயம் என்று விளக்கினார். பிரிகேடியர் பதிவேட்டைப் புரட்டினார். "இஞ்சை கத்தோலிக்கர் எண்டு கிடக்கு. நானும் கத்தோலிக்கன். எங்களுக்கு நவம்பரிலை விரதமில்லை. அப்ப இது போராட்டம்."

"பால் குடிச்சவரெல்லோ?" என்றார் கேசவென்.

"வண்டிக்குத்தான் கட்டம் இருக்கு. பாலுக்குக் கட்டமில்லை."

இப்படியாக, குணரத்தினம் அரசாங்கப் பதிவின்படி போராளியானார். வைத்தியர் வந்து நிறுத்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டு கிலோ போராட்டம்.

அன்று இறந்தவர்களின் திருநாள். பலெர்மோவில் அன்றைக்கு வாதுமையும் சீனியும் பிசைந்து பழங்களாக வார்த்துச் சாயம் பூசுவார்கள், செத்துப்போனவர்கள் வீட்டுக்கு அனுப்பியதாக ஐதீகம். லில்லோவின் மனைவி ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். லில்லோ ஒரு கள்ளிப்பழத்தை எடுத்து, அறையின் கடைசி மனிதனுக்கும் நீட்டினார். குணரத்தினம் கைகூப்பி வேண்டாம் என்றார்.

லில்லோவின் முகம் கறுத்தது. "என்ரை அப்பா அனுப்பினது. செத்து முப்பது வருசம். அவர் அனுப்பினதை ஒரு துர்க்கோ வேண்டாமெண்டிறான்."

"அவர் ஆரிட்டையிருந்தும் வாங்கமாட்டார், சூ லில்லோ," என்றார் கேசவென். "ஆறு நாள் சண்டை நடக்குது."

"ஆருக்கும் ஆருக்கும்?"

கேசவென் சிறுவயதில் காவடிக் காலத்தில் கேட்ட கதையைத் தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார். சூரபத்மன் என்றொருவன், ஊர் முழுவதையும் கைக்குள் வைத்திருந்தவன். முருகன் ஆறு நாள் அவனோடு மோதினார். கடைசியில் அவன் மாமரமாக மாறி ஒளித்தான். வேலால் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி மயில், மற்றப் பாதி சேவல். மயிலில் ஏறிக்கொண்டார், சேவலைக் கொடியாக்கினார்.

லில்லோ கையிலிருந்த வாதுமைக் கள்ளிப்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதிரியை வெட்டி, பாதியிலை ஏறிக்கொண்டு, பாதியைக் கொடியாய்ப் பிடிச்சவனோ?"

"ஓம்."

"அவனுக்காகத்தான் இவன் பட்டினி கிடக்கிறான்?"

"ஓம்."

"எங்கடை சந்தையிலை அப்பிடி ஒராள் இருந்திருந்தால் நான் இஞ்சை வந்திருக்கமாட்டன்," என்று லில்லோ பழத்தைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார். "ஏழாம் நாள் சாப்பிடட்டும். அப்பா பொறுத்துக்கொள்ளுவார்."

மூன்றாம் நாள் காலையில் முதலாவது கோப்பி குணரத்தினத்துக்கு வந்தது. கழுவிய கோப்பையில், சீனி தனியாக. ஒன்பது மாதமாக வராத மரியாதை, குடிக்க முடியாத நாளாகப் பார்த்து வந்தது. குணரத்தினம் இரண்டு கையாலும் வாங்கி, மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கேசவெனிடம் கொடுத்தார். கம்பிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து அறை இதைப் பிரிவு முழுவதற்கும் அறிவித்தது: லில்லோவின் கோப்பியையே மறுக்கிற அளவுக்கு இந்த மனிதரிடம் ஏதோ இருக்கிறது.

நாலாம் நாள் ஒன்பது அறைகள் வண்டியைத் திருப்பின. ஐந்தாம் நாள் பிரிவு முழுவதும் திருப்பியது. கைதிகள் கம்பியில் சட்டியால் தட்டினார்கள், சூரனுக்கு எதிராகவா, பாஸ்தாவுக்கு எதிராகவா என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. ஆனால் உண்ணாவிரதம் என்று ஒன்று இருந்தால் கோரிக்கை என்று ஒன்று இருக்கவேண்டுமே. குணரத்தினத்திடம் இல்லாததால் ஆளுக்கு ஆள் கொடுத்து உதவினார்கள். குளிப்பதற்குச் சுடுதண்ணீர். உடைந்த யன்னலுக்குக் கண்ணாடி. கள்ளக் கோப்பித்தூள் வேண்டாம், நல்ல கோப்பித்தூள். எட்டாவது கோரிக்கை, பலெர்மோ அணியின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவது. மொத்தம் பதினொன்று. தலைப்பில், பெரிய மனிதருக்கு மட்டும் வைக்கும் 'தொன்' என்ற பட்டத்தோடு, லில்லோவின் உருண்டைக் கையெழுத்து: "தொன் குணாவின் கோரிக்கைகள்."

"சூ லில்லோ, நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"அதுதான் உன்ரை பெருமை, தொன் குணா. நீ கேக்கமாட்டாய். நாங்கள் கேப்பம்."

ஐந்தாம் நாள் மத்தியானம் அவரைக் கந்தோருக்குக் கூட்டிப் போனார்கள். மேசைக்குப் பின்னால் பிரிகேடியர், பக்கத்துக் கதிரையில் எமிலியானா. பிரிகேடியரின் கண் சிவந்திருந்தது. அடுத்தநாள் நீதிபதி வந்து பிரிவைப் பார்க்கிற நாள். நாற்பத்தைந்து நாள் மனு யாருடைய மேசையில் கிடந்ததோ, அதே நீதிபதி.

"இரும்," என்றார் பிரிகேடியர். ஒன்பது மாதத்தில் முதல்தடவையாக "நீ" என்று சொல்லவில்லை. "உமக்கு டிசம்பர் பதினேழு வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும்."

"போராட்டத்துக்குத் தலைமை தாங்கினவனுக்குக் கழிவில்லை. தெரியுமோ?"

"தெரியாது. ஆனால் விளங்குது."

பிரிகேடியர் ஒரு சின்னத் தாளைத் தள்ளினார். தொமாந்தீனா என்பார்கள். சிறையில் சவர்க்காரம் வேண்டுமென்றாலும் பல்வலியென்றாலும் அதில்தான் எழுதிக் கேட்கவேண்டும். அதில் தட்டச்சிலே அடித்திருந்தது: நான் கத்தோலிக்கன் அல்ல, என் சமய விரதத்துக்கு நவம்பர் முதலாம் திகதி தொடங்கி ஆறு நாள் அனுமதி வேண்டும். நல்ல தாள். ஒரு பிழையும் இல்லை. திகதி மட்டும் ஒக்ரோபர் இருபத்தைந்து.

"கையெழுத்துப் போடும். அப்ப இது முதலே கேட்ட விரதம். போராட்டம் நடக்கவேயில்லை. நடக்காத போராட்டத்துக்கு ஒருத்தரும் தலைவனில்லை. உமக்குப் பதினேழு, எனக்கு நித்திரை."

குணரத்தினம் தாளைப் பார்த்தார். பேனையைப் பார்த்தார். அவருடைய பத்து வருடத்து மூன்றாம் பெட்டி முழுவதும் உள்ளே இருந்து, போடு, போடு என்றது. டிசம்பர் பதினேழு. குவெஸ்தூரா வரிசை. குகனேஸ்வரி.

"பிரிகேடியர், இண்டைக்கு நவம்பர் அஞ்சு."

"தெரியும்."

"இதிலை ஒக்ரோபர் எண்டு கிடக்கு."

"அது சின்ன விஷயம்."

"அந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் என்னை ஒரு வருசம் உள்ளை போட்டனீங்கள்."

எமிலியானா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இரண்டுதரம் திகதி மாத்தினனான்," என்றார் குணரத்தினம். "ஒண்டுக்கு மன்னிப்பு, மற்றதுக்குத் தண்டனை. மூண்டாந்தரம் சிறைக்குள்ளையே, அதுவும் உங்கடை தட்டச்சிலை செய்யச் சொல்லுறீங்கள். செய்யமாட்டன்."

"அப்ப நாளைக்கு ஒரு வாய் சாப்பிடும். நீதிபதிக்கு முன்னாலை ஒரு வாய் பாஸ்தா. எல்லாம் முடிஞ்சுது."

"நாளைக்குத்தான் சூரசங்காரம்."

"அப்ப ஜனவரி முப்பத்தொண்டு. பிறகு விமானம்."

"பாப்பம்," என்று குணரத்தினம் எழும்பினார். எழும்பும்போது தலை சுற்றியதால் மேசையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் பேனையை அல்ல.

அறைக்குத் திரும்பிச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கட்டிலில் படுத்தார். கேசவென் போர்வையை இழுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார்: "முருகா." அதற்குப் பதிலாகச் சொல்லக் குணரத்தினத்திடமும் அதைவிட வேறொன்றும் இருக்கவில்லை.

ஆறாம் நாள் வியாழக்கிழமை நீதிபதி வந்தார். ஐம்பது வயதுப் பெண், சிறிய உருவம், பெரிய கைப்பை. ஏழாம் அறைக்கு முன்னால் நின்று, கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"தொன் குணா எண்டிறது நீங்களோ?"

"குணரத்தினம், சிஞ்ஞோரா நீதிபதி."

"பதினொரு கோரிக்கை வைச்சிருக்கிறீங்கள்."

"எனக்கு ஒண்டுமில்லை. அது பிரிவின்ரை. நல்ல கோரிக்கையள்தான். எட்டாவது மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."

பின்னாலிருந்து லில்லோ இருமினார்.

"கோரிக்கை இல்லாமல் ஏன் சாப்பிடாமல் இருக்கிறீங்கள்?"

குணரத்தினம் சொன்னார். சனிக்கிழமையிலிருந்து சொன்னார், பிறகு பெப்ரவரிக்குப் போய் இரண்டு படத்தையும் சொன்னார். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. கந்தோரில் நீட்டிய தாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டார், அது அவர் பிரிகேடியருக்குச் செய்த உபகாரம். சிறைக்கம்பியின் இந்தப் பக்கத்தில் இருந்து செய்யக்கூடிய உபகாரங்கள் அதிகமில்லை.

"பிழையாய் எழுதியிருக்கெண்டு தெரிஞ்சால், அதை நீங்கள் ஏன் திருத்தேல்லை?"

"சிஞ்ஞோரா நீதிபதி, நான் ஒரு தாளைத் திருத்தினால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்."

நீதிபதி சிரிக்கவில்லை என்று பிரிகேடியர் பிறகு சத்தியம் செய்தார். கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்தினார் என்பது லில்லோவின் சாட்சியம். எது எப்படியோ, அந்த இடத்திலேயே உத்தரவு பிறந்தது: பதிவேட்டில் கீழே புதிய வரி எழுதவேண்டும், இன்றைய திகதியில். சமயம் பிழையாகப் பதியப்பட்டது, பதிந்தது கந்தோர், கைதி அல்ல. கீழே கந்தோரின் கையெழுத்து. பிரிகேடியர் போட்டார். ஒக்ரோபர் இருபத்தைந்தைவிட நவம்பர் ஆறு எழுதுவதற்கு அவருக்குக் கூடுதல் நேரம் பிடித்தது.

ஏழாம் நாள் விடிய, கேசவென் காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் காய்ச்சினார். மிளகாய்த்தூள் மூன்றாம் அறையிலிருந்தும், தக்காளி பதினொன்றாம் அறையிலிருந்தும் வந்தன. குணரத்தினம் முதல்பிடியை வாயில் வைக்கும்வரை லில்லோ தன் கரண்டியைத் தூக்கவில்லை. பிறகு கடதாசியைப் பிரித்து வாதுமைக் கள்ளிப்பழத்தை நீட்டினார். குணரத்தினம் அதில் பாதியைக் கடித்து, செத்துப்போன லில்லோவின் தகப்பனாருக்கு நன்றி சொன்னார். "அடுத்த வருசம் எட்டாவது கோரிக்கையை முதல்லை போடுவம்," என்றார் லில்லோ. சுடுதண்ணீர் மட்டும் அந்த வாரமே வந்தது. அதைத் தந்தது நீதிபதியா முருகனா என்று பிரிவு இரண்டாகப் பிரிந்து கதைத்தது.

நவம்பர் நடுப்பகுதியில் எமிலியானா அதே முப்பது கேள்வியோடு மறுபடி வந்தார். பல்கலைக்கழகம் இரண்டாம் சுற்றுக் கேட்டிருந்ததாம். இந்தமுறை குணரத்தினத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. "உங்களுக்கு ஏதாவது நடந்தால் கவனிக்க உங்கள் பிரிவில் ஆள் உண்டா?" ஐந்து. "நீங்கள் யார் என்பதை நிர்வாகம் அறிந்திருக்கிறதா?" ஒன்று, அதுவும் பேனை முனை அடுத்த தாளில் பதியும் அளவுக்கு. கடைசியில், "இச்சிறையில் நீங்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல முடிகிறதா?" என்று இருந்தது. எந்தப் பெட்டியிலும் புள்ளடி போடாமல், ஓரத்தில் எழுதினார்: "சாப்பிடாவிட்டால் முடியும்."

எமிலியானா வாசித்தார். "ஒரு மூண்டுகூட இல்லை."

"முடிஞ்சுபோச்சு, சிஞ்ஞோரா."

எமிலியானாவின் அறிக்கை நீதிபதிக்குப் போனது. டிசம்பர் பதினாறாம் திகதி பின்னேரம் உத்தரவு வந்தது: நாற்பத்தைந்து நாள் கழிவு, நாளைக்கு விடுதலை. கடைசிக் காலையில் முதலாவது கோப்பியைக் குணரத்தினம் குடித்தார். இரண்டாவதைத் தானே ஊற்றி லில்லோவுக்குக் கொடுத்தார்.

வாசல் கந்தோரில் பெப்ரவரியில் இருந்த அதே எழுத்தர். பேர்ஸ், கைக்கடிகாரம், இடுப்புப் பட்டி, இரண்டு சாமிப் படம் எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, விடுதலைத் தாளை நீட்டினார். குணரத்தினம் வாசித்தார். பெயர் சரி. ஊர் சரி. சமயம்: கத்தோலிக்கர்.

"இது பிழை."

"பழைய பதிவைப் பாத்து அடிச்சது. கையெழுத்தைப் போடு, கதவு திறந்திருக்கு."

"திருத்தித் தாங்கோ."

"வெளியிலை போற மனிசனுக்கு இது என்னத்துக்கு?"

"இந்தத் தாளோடைதான் நான் குவெஸ்தூராவுக்குப் போகவேணும். என்னை உள்ளை கொண்டந்ததே தாளிலை கிடந்த பிழை. பிழையான தாளோடை வெளியாலை போகமாட்டன்." சொல்லிவிட்டுச் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே போக மறுத்தவர்களை எழுத்தர் நிறையப் பார்த்திருக்கிறார். வெளியே போக மறுத்தவருக்கு அவரிடமும் கட்டம் இல்லை. பிரிகேடியரைக் கூப்பிட்டார். பிரிகேடியர் வந்து, வாங்கில் இருப்பவர் யார் என்று பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். ஒரு மணித்தியாலம் போனது. வெளியில் குளிருக்குள் நின்ற குகனேஸ்வரி, வாசல் காவலரிடம் செய்தி சொல்லி அனுப்பினார். காவலர் அதைக் கடமை தவறாமல் ஒப்புவித்தார்: "உன்ரை மனிசி சொல்லுறா, எந்தச் சாமியெண்டாலும் பரவாயில்லையாம், வெளியாலை வரட்டாம்."

"அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கோ. பத்து மாதம் பொறுத்தவ."

பதினொரு மணிக்கு எழுத்தர் தோற்றார். தட்டச்சில் புதுத் தாளைச் செருகி, "என்னெண்டு அடிக்க?" என்றார். குணரத்தினம் பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். வாசித்தார். மறுபடி வாசித்தார். திகதியை விரலால் தொட்டுப் பார்த்தார், டிசம்பர் பதினேழு. கையெழுத்துப் போட்டார். மேசையில் கிடந்த சான்ரா ரொசாலியா படத்தை எழுத்தர் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இவ?"

"அவ எங்கடை ஆள்," என்று வாங்கிப் பேர்ஸில் வைத்தார் குணரத்தினம், முருகனுக்குப் பக்கத்தில்.

வெளியே குகனேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஒண்டரை மணித்தியாலம் குளிருக்கை நிண்டனான். என்ன, உள்ளை விருந்தோ?"

"தாள் திருத்தினனாங்கள்."

குகனேஸ்வரி பதறிக் கைப்பையைத் திறந்து தாளை மறுபடி வெளியே எடுத்தார்.

"அவங்கள்தான் திருத்தினவங்கள். நான் இருந்தனான்."

"நல்லது. குவெஸ்தூரா இண்டைக்குப் பன்னிரண்டரை மட்டும். கெதியா நடவுங்கோ. நாளைக்கு மலையேறவேணும், நேர்த்தி வைச்சிட்டன், உங்களுக்கும் சேத்து. வெறுங்கால்."

"ஆருக்கு வைச்சனீர்?"

"ஆருக்கெண்டு? நீங்கள் வருசம் முடியமுந்தி வெளியாலை வந்தால் அவவின்ரை குகைக்கு ஏறுவமெண்டு. ரொசாலியா அம்மாவுக்குத்தான்."

குணரத்தினம் சட்டென்று திரும்பிச் சிறைக் கதவைப் பார்த்தார். எழுத்தர் யன்னலுக்குள் புதுத் தாள் ஒன்றைத் தட்டச்சில் செருகிக்கொண்டிருந்தார், வேறு யாருக்கோ. கேட்டிருக்காது.

"மெல்லக் கதையும்," என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசை மூடமுதல் போய்ச்சேர, குவெஸ்தூராப் பக்கம் எட்டி நடந்தார்.